வாரண்டி உள்ள காருக்கு நீங்களே ஆயில் மாற்றினால்

பழைய ஆயிலை வடிப்பதற்கு முன் ஓடோமீட்டரை ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். கூடவே ஆயில் டப்பாவின் லேபிள் (முன்பக்கம், பின்பக்கம் இரண்டும்), ஃபில்டரின் பார்ட் நம்பர், தேதியோடு உள்ள பில். எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும். பில்லைப் படம் எடுப்பது ரொம்ப முக்கியம், தெர்மல் பேப்பரில் அச்சு சீக்கிரம் மங்கிவிடும்.

பின்னால் இன்ஜினில் கோளாறு வந்து வாரண்டி கிளெய்ம் கேட்டால், கார் கையேட்டில் சொன்ன இடைவெளியில், சொன்ன தரத்து ஆயில்தான் ஊற்றினீர்களா என்று கார் கம்பெனியில் கேட்பார்கள். இதில் 5டபிள்யூ-30 என்ற எண் மட்டும் பொருந்தினால் போதாது. அது ஆயிலின் கெட்டித்தன்மையை மட்டுமே சொல்லும். ஏபிஐ, ஏசிஇஏ போன்ற தரக் குறியீடும் கார் கையேட்டில் உள்ளபடி இருக்க வேண்டும். அது பெரும்பாலும் டப்பாவின் பின்பக்கத்தில்தான் இருக்கும்.

அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில்தான் மாற்ற வேண்டும் என்று வாரண்டி நிபந்தனை சொன்னால், உங்கள் நாட்டுச் சட்டம் அதை அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள். அனுமதித்தால் இந்தப் படங்கள் உதவாது. அப்புறம், டிரெயின் பிளக்கை (ஆயில் வடிக்கும் துளையை அடைக்கும் திருகு) சரியாக முறுக்காமல் ஆயில் ஒழுகி இன்ஜின் கெட்டால், அதற்கு வாரண்டி கிடையாது.