தெருவுக்கு ஓர் இரவல் அலமாரி வைப்பது எப்படி?

செல்லூரில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். அண்டா, வட்டகை, மடக்கு நாற்காலி, ஜமுக்காளம், ஷாமியானா என்று காதுகுத்து முதல் கருமாதி வரை எல்லாவற்றுக்கும் இங்கிருந்துதான் சாமான் போகும். என் அக்கா மகள் எருசலேமில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். அவள்தான் போனில் சொன்னாள்: "மாமா, நீங்க வாடகைக்கு விடுறதை எல்லாம் இங்க சும்மாவே குடுக்குறாங்க. நம்ம ஊருல இப்படிச் செஞ்சா உங்க கடையைப் பூட்ட வேண்டியதுதான்."

காசு வாங்காமல் இரவல் கொடுக்கும் இந்த ஏற்பாட்டை யூதர்கள் கெமாக் என்கிறார்கள். பெரும்பாலும் யாராவது ஒருவர் வீட்டு அலமாரியில்தான் நடக்கும். ஒரு வீட்டில் கல்யாண உடுப்பு, இன்னொரு வீட்டில் நாற்காலி, வேறொரு வீட்டில் வட்டியில்லாக் கைமாற்று. அங்கே ஊரி லுபோலியன்ஸ்கி என்பவர் ஆவி பிடிக்கும் கருவிகள் சிலவற்றை அக்கம்பக்கத்துக்கு இரவல் கொடுக்க ஆரம்பித்தார். அது 1976இல் யாத் சாரா என்ற அமைப்பாகி, இன்று நாடு முழுக்க மருத்துவச் சாமான்களை இரவல் கொடுக்கிறது. அவர் பின்னாளில் எருசலேம் மேயராகவும் இருந்தார். நமக்கு அந்த அளவெல்லாம் வேண்டாம். மாடிப்படிக்கு அடியில் கொஞ்சம் இடம் இருந்தால் போதும்.

சாமான் வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள். பெரியாஸ்பத்திரியில் இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து வரும்போது வாங்கிய வாக்கர், ஆள் நடக்க ஆரம்பித்ததும் பரணுக்குப் போய்விடும். கேட்டுப் பாருங்கள், "இடத்தை அடைக்குது, கொண்டு போங்கண்ணே" என்பார்கள். வாக்கர், சக்கர நாற்காலி, கமோடு நாற்காலி, நெபுலைசர், படுக்கைப்புண்ணுக்கான ஏர் பெட், இவ்வளவு சேர்ந்தாலே ஒரு தெருவுக்குத் தாராளம். நெபுலைசரில் முகமூடியும் குழாயும் மட்டும் ஆளுக்கு ஆள் புதிதாக இருக்கட்டும்.

வாக்கரைக் கொடுக்கும் முன் கவிழ்த்துப் பாருங்கள். நான்கு காலடி ரப்பரில் ஏதாவது ஒன்று ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும். ஈர டைல்ஸில் வழுக்குவது அதனால்தான். உடனே மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை. அப்புறம் உயரம். நோயாளி நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், பிடி மணிக்கட்டு மட்டத்தில் இருக்க வேண்டும். நான்கு காலிலும் பொத்தான் ஒரே எண் ஓட்டையில் 'டக்'கென்று விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பார்வைக்கு விழுந்த மாதிரியே இருக்கும், நம்ப வேண்டாம்.

அட்வான்ஸ் வாங்கலாம், தவறில்லை. யாத் சாராவிலும் வாங்குகிறார்கள். சாமான் திரும்பியதும் பணமும் திரும்பிவிடும். நோட்டில் சாமான், போன் நம்பர், தேதி போதும். என்ன நோய், என்ன வருமானம் என்று விசாரணை வைக்காதீர்கள். தருமத்தைவிட இந்த மாதிரி உதவி ஏன் உயர்வு என்று யூதர்களின் பழைய மறைநூலான தல்மூதில் மூன்று காரணம் சொல்லியிருக்கிறது. தருமம் பணத்தால் மட்டும், இது பணத்தாலும் உடம்பாலும். தருமம் ஏழைக்கு, இது ஏழைக்கும் பணக்காரனுக்கும். தருமம் உயிரோடு இருப்பவர்களுக்கு, இது இறந்தவர்களுக்கும். அதனால் காரில் வந்து வாக்கர் கேட்பவரை ஏற இறங்கப் பார்க்காதீர்கள்.

வாங்குபவர் கூசக்கூடாது. மார் உக்வா என்ற அறிஞர் பக்கத்து ஏழை வீட்டுக் கதவுக்குழியில் தினமும் நாலு காசு போட்டுவிட்டுப் போவாராம். யார் என்று பார்க்க அந்த ஆள் வெளியே வர, இவரும் மனைவியும் ஓடிப்போய் அடுப்புக்குள் ஒளிந்தார்களாம். நான் அவ்வளவு தூரம் போவதில்லை. வாடகைச் சாமான் ஏற்றும் குட்டியானையிலேயே வாக்கரையும் ஏற்றிவிடுவேன், பார்ப்பவர்களுக்கு அதுவும் வாடகைதான். சாமான் மேல் 'இன்னார் உபயம்' எழுதுவதும் எனக்குப் பிடிக்காது. டியூப்லைட் வெளிச்சத்தையே மறைக்கும் அளவுக்குப் பெயர் எழுதும் ஊர் நம்முடையது. யூதர்களிடம், இறந்த அப்பா, அம்மா பெயரில் கெமாக் வைப்பது உண்டு. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

சாமான் கொண்டுபோகும்போது நோயாளியையும் எட்டிப் பார்ப்போம் அல்லவா? அதற்கும் நேரம் சொல்லியிருக்கிறார்கள். பகலின் முதல் மூன்று மணி நேரத்திலும் கடைசி மூன்று மணி நேரத்திலும் போகாதே என்கிறது தல்மூது. காலையில் நோயாளி தெம்பாகத் தெரிவார், அவருக்காக வேண்டிக்கொள்ளத் தோன்றாது. சாயங்காலம் நோய் முற்றியது போலத் தெரியும், நம்பிக்கை போய்விடும். ரபி அகீவா என்ற யூத குரு, உடம்புக்கு முடியாத ஒரு மாணவனைப் பார்க்கப் போனார். அவர் வந்ததால் அந்த இடத்தைக் கூட்டித் தண்ணீர் தெளித்தார்கள், அதிலேயே மாணவன் பிழைத்துவிட்டான் என்று கதை. ஆர்லிக்ஸ் பாட்டிலோடு போய்ச் சுற்றி உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவதற்குப் பதில், மருந்துச் சீட்டோடு மெடிக்கல் வரை ஒரு நடை போய்வரலாம்.

இழவு வீட்டுக்கு நாற்காலி முதலில் போகட்டும், கணக்கைக் கருமாதிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எங்கள் தொழிலில் இது பழைய வழக்கம். யூதர்களிடம் துக்க வீட்டுக்கென்றே தாழ்வான நாற்காலிகள் இரவல் கொடுக்கும் கெமாக்குகள் உண்டு. அடக்கம் முடிந்து வந்ததும் முதல் சாப்பாடு அக்கம்பக்கத்தார் கொண்டுவருவது, அவித்த முட்டையும் பருப்பும் அதில் இருக்கும். போகிறவர்கள், துக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கும்வரை பேச மாட்டார்கள். 'எப்படி ஆச்சு?' என்று வாசலிலேயே ஆரம்பிக்கும் நம் ஆட்களுக்கு இது கஷ்டம்தான்.

சில சாமான் திரும்பாது. கல்யாண அண்டா என்றால் அட்வான்ஸில் கழித்துவிடுவேன். இதில் அந்தக் கணக்கு சரிவராது. ஒரு தடவை போன் போட்டு, "வேற ஒருத்தங்க கேக்குறாங்க, உங்களுக்கு இன்னும் தேவைப்படுதாம்மா?" என்று கேளுங்கள். தேவை என்றால் விட்டுவிட்டு, அடுத்த பரணைத் தேடுங்கள்.