செல்டிக் கடவுள் கதைகளில் எது பழசு, எது புதுசு என்று பிரித்துப் பார்ப்பது எப்படி

இணையத்தில் பழங்கால ஐரோப்பாவின் செல்டிக் மக்களுடைய மதத்தைத் தேடினால் மர ராசிபலன், ட்ரூயிட் ஜோதிடம் என்று என்னென்னவோ வந்து விழும். எதைப் படித்தாலும் முதலில் கேட்க வேண்டியது, இதை யார் எப்போது எழுதினார்கள் என்பதுதான். ஏனென்றால் ட்ரூயிட் பூசாரிகள் தங்கள் போதனையை எழுத்தில் வைக்கவில்லை, எல்லாம் மனப்பாடம், சிலர் 20 வருடம்கூடப் படித்தார்கள் என்று ரோமானியத் தளபதி ஜூலியஸ் சீசர் சொல்கிறார். அவர் கால் நாட்டுச் (இன்றைய பிரான்ஸ் பக்கம்) செல்டிக் மக்களோடு போரிட்டவர், கடவுள்களுக்கும் ரோமானியப் பெயரையே வைத்துவிடுகிறார், அதனால் கொஞ்சம் ஜாக்கிரதையாகவே படியுங்கள்.

இப்படி வெளியார் எழுதிவைத்தது முதல் வகைச் சான்று. அப்புறம் கல்வெட்டு, சிலைகள். கடைசியாக அயர்லாந்து, வேல்ஸ் கையெழுத்துப் பிரதிகள். கதைகள் அருமை, ஆனால் எழுதியவர்கள் இடைக்காலக் கிறிஸ்தவர்கள்.

இந்த மூன்று வகையில் குறைந்தது இரண்டு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். கால் நாட்டு மக்கள் அதிகம் வணங்கியது மெர்க்குரி என்ற கடவுளை, எல்லாக் கலைகளையும் கண்டுபிடித்தவர் அவர்தான் என்கிறார் சீசர். அயர்லாந்துக் கதையில் லூ என்பவன் தாரா கோட்டை வாசலில் நிற்கிறான். நான் தச்சன் என்கிறான் லூ, எங்களிடம் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார் என்கிறான் காவலன். கொல்லன், வீரன், யாழ் வாசிப்பவன், கவிஞன் என்று சொல்லச் சொல்ல அதே பதில்தான், இதெல்லாம் தெரிந்த ஒரே ஆள் உங்களிடம் உண்டா என்று கேட்டதும் கதவு திறக்கிறது. ஸ்பெயினில் ஓஸ்மாவில் செருப்புத் தொழிலாளர் சங்கம் லுகோவெஸ் என்ற தெய்வங்களுக்கு வைத்த கல்வெட்டு இருக்கிறது, வேல்ஸ் கதையில் லெவ் என்பவன் செருப்புத் தைப்பவனாக வேஷம் போடுகிறான்! இவ்வளவு தூரம் தள்ளியிருக்கும் சான்றுகள் பெயரிலும் தொழிலிலும் இப்படித் தொட்டுக்கொண்டால் பின்னால் ஒரு பழைய தெய்வம் இருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம்.

கொம்பு வைத்த கடவுள் கெர்னுன்னோஸ் விஷயம் வேறு. 1711இல் பாரிஸ் நோத்ர தாம் தேவாலயத்துக்கு அடியில் கிடைத்த, ரோமானியர் காலத்துப் படகோட்டிகள் தூணில் உருவமும் பெயரும் இருக்கின்றன. டென்மார்க்கில் 1891இல் கிடைத்த குண்டெஸ்ட்ரப் வெள்ளிக் கொப்பரையில் அதே மாதிரி உருவம் உண்டு, பெயர் கிடையாது. அவருக்கென்று பழைய கதை ஒன்றுகூட இல்லை, ஆகவே யாராவது அவருடைய வாழ்க்கை வரலாற்றையே சொன்னால் அது பிற்காலக் கற்பனை.

இங்கிலாந்தின் கல் வட்டமான ஸ்டோன்ஹெஞ்சை ட்ரூயிட்கள் கட்டியதாக வந்தாலும் தள்ளிவிடுங்கள், ட்ரூயிட்கள் பற்றி நாம் கேள்விப்படும் காலத்துக்கு ரொம்ப முன்பே, சுமார் கி.மு. 2500இலேயே, அந்தப் பெரிய கற்களை நிறுத்திவிட்டார்கள். வேல்ஸ் விழாக்களில் நடக்கும் வெள்ளை அங்கிச் சடங்கும் 1792இல் லண்டனில் யோலோ மோர்கனுக் என்ற வேல்ஸ் கவிஞர் தொடங்கிவைத்தது, பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.