சோடாப் போத்தலில் மழைமானி: மலையில் இருப்பவர்களுக்குக் குப்பையிலிருந்து ஒரு கைவேலை

மழைக்காலம் வந்தால் இலங்கையில் செய்தியில் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மண்சரிவு எச்சரிக்கை வரும். அது ஒரு பிரதேச செயலகப் பிரிவு முழுவதற்கும் சேர்த்துச் சொல்வது. மலையில் இருப்பவர்களுக்குத் தெரியும், தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில் கொட்டோ கொட்டென்று கொட்டும்போது கீழ் டிவிசனில் துணி காயும். உங்கள் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) பின்னால் இருக்கிற மண்மேட்டில் நேற்று எவ்வளவு பெய்தது என்று கொழும்பில் இருப்பவரால் சொல்ல முடியாது. நீங்கள்தான் அளக்க வேண்டும். அதற்குக் காசு கொடுத்து ஒன்றும் வாங்கத் தேவையில்லை.

முதலில் எண்கள். மண்சரிவு எச்சரிக்கை விடுகிற தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு இது: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் கவனமாக இருக்க வேண்டும், 100 என்றால் மூட்டை கட்டித் தயாராக வேண்டும், 150 என்றால் வெளியேற வேண்டும். ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே 75 கொட்டினாலும் வெளியேறத்தான் வேண்டும். இந்த நாலையும் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

தேவையானவை: ஒன்றரை லீட்டர் சோடாப் போத்தல், பிள்ளையின் பழைய அடிமட்டம், ஒரு பிடி சீமெந்தும் மணலும், தீரப்போகும் கியூட்டெக்ஸ் (நகப்பூச்சு), ஆட்டோ டியூப் துண்டு. போத்தல் இடுப்புச் சிறுத்ததாக இருக்கக் கூடாது. மேலிருந்து கீழ்வரை ஒரே பருமனாக இருக்கிறதைத் தேடி எடுங்கள். இடுப்பு வைத்த போத்தலில் அளந்தால் மில்லிமீற்றர் எல்லாம் பொய்யாகிவிடும்.

போத்தல் தோளில் சரியத் தொடங்குகிற இடத்தில் சுற்றி வெட்டுங்கள். கத்தியைச் சூடாக்கி வெட்டச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது பிடிக்காது, விளிம்பு சுருங்கிப்போகும். சேஃப்டி பின் ஒன்றால் துளை போட்டு, அதில் கத்தரிக்கோலை விட்டுச் சுற்றினால் நேராக வரும். மேல் துண்டைக் கவிழ்த்து புனல் மாதிரி உள்ளே வைக்க வேண்டும். அதற்கு முன் மூடி திருகுகிற கழுத்தை வெட்டிவிடுங்கள். கழுத்தோடு வைத்தால் புனல் ஆழமாக இறங்கி, அளக்கிற இடத்தைப் பாதி தின்றுவிடும்.

இனி, எல்லாரும் இடறுகிற இடம்: அடிப்பகுதி. சோடாப் போத்தலின் அடி தட்டையாக இருக்காது, ஐந்து கால்கள் போல மேடும் பள்ளமுமாக இருக்கும். அதன் மேல் நேரே அடிமட்டத்தை வைத்து அளந்தால், முதலில் விழுகிற மழை அந்தப் பள்ளங்களை நிரப்பத்தான் போகும். கோட்டில் ஒன்றும் தெரியாது. 75 பெய்திருக்கும், நீங்கள் 60 என்று நினைத்து நிம்மதியாகப் படுப்பீர்கள். ஆகவே அடியை நிரப்ப வேண்டும். சீமெந்தையும் மணலையும் கஞ்சி போல இளக்கமாகக் கரைத்து, பள்ளங்கள் மூடி, போத்தலின் நேர்ச்சுவர் தொடங்கும் வரை ஊற்றுங்கள். மேசையில் மெல்லத் தட்டினால் மேற்பரப்பு தானாகச் சமமாகும். நிழலில் இரண்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள். காற்றில் சாயாமல் இருக்கப் பாரமும் கிடைக்கும். சீமெந்து இல்லையா, கூழாங்கல் போட்டு நேர்ச்சுவர் தொடங்கும் மட்டம் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைப் பூச்சியமாக வைக்கலாம். ஆனால் வெயிலில் தண்ணீர் வற்றும், தினமும் மறுபடி அந்த மட்டத்துக்கு ஊற்ற வேண்டும். சோம்பேறிகளுக்குச் சீமெந்துதான் நல்லது.

சீமெந்து காய்ந்த மட்டம்தான் பூச்சியம். அதிலிருந்து மேலே அடிமட்டத்தால் அளந்து 25, 50, 75, 100 என்று கோடு போடுங்கள். பல அடிமட்டங்களில் பூச்சியம் நுனியில் இல்லை, கொஞ்சம் உள்ளே தள்ளித்தான் இருக்கும், அதைக் கவனியுங்கள். மார்க்கர் பேனா மழையில் கரைந்து ஓடிவிடும், கியூட்டெக்ஸ் ஓடாது. 75இலும் 100இலும் தடித்த சிவப்புக் கோடாக இழுங்கள். புனலின் அடி எந்த உயரத்தில் நிற்கிறது என்றும் ஒரு கோடு போடுங்கள். தண்ணீர் அதைத் தாண்டினால் அளவு சரியாக இருக்காது. அதற்கு முன்பே வாசித்து, எழுதி, ஊற்றிவிட்டு மறுபடி வைத்துக் கூட்டிக்கொள்ள வேண்டும். இதனால்தான் 150ஐ ஒரே தடவையில் அளக்க முடியாது.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி. போத்தல் வாயின் விட்டத்தை சென்ரிமீற்றரில் அளந்து பாதியாக்குங்கள். அந்தப் பாதியை அதே பாதியால் பெருக்கி, மறுபடி 3.14ஆல் பெருக்குங்கள். விட்டம் 9 என்றால் ஏறக்குறைய 64 வரும். அப்படியானால் 64 மில்லிலீற்றர் தண்ணீர் ஊற்றும்போது மட்டம் சரியாக 10 மில்லிமீற்றர் ஏற வேண்டும். பிள்ளைகளின் பாணி மருந்தோடு வருகிற அளவுக் கிண்ணத்தால் அளந்து ஊற்றிப் பாருங்கள்.

வைக்கும் இடம் தகரக் கூரையின் ஓரமாகவோ மரத்தடியிலோ இருக்கக் கூடாது. பக்கத்தில் இருக்கிற எதுவும் எவ்வளவு உயரமோ அதைப் போல இரு மடங்கு தள்ளி, மரக்கறித் தோட்டத்தின் நடுவில் ஒரு கம்பம் நட்டு, இடுப்புயரத்தில் டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டுங்கள். தரையில் வைத்தால் மண்ணில் பட்டுத் தெறிக்கும் நீரும் உள்ளே போகும். காலை 8.30க்கு வாசிப்பது நல்லது, வளிமண்டலவியல் திணைக்களமும் அந்த நேரத்தில்தான் வாசிக்கிறது. பேப்பரில் வருகிற அளவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே தொடங்கி தென்மேற்குப் பருவத்தில் கவனமாக இருக்க வேண்டும். பதுளை, ஹப்புத்தளை, கொஸ்லந்தைப் பக்கத்துக்கு ஒக்டோபர் தொடங்கித்தான் பெரிய மழை. கொஸ்லந்தையில் மீரியபெத்தைத் தோட்டம் சரிந்தது 2014 ஒக்டோபர் 29.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று இறுகிக்கொள்ளும் கதவு, கலங்கி வருகிற அல்லது சட்டென்று நின்றுபோன ஊற்று, இவற்றைக் கண்டால் போத்தலைப் பார்க்கத் தேவையில்லை. உடனே கிளம்புங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

கிளம்பும்போது எடுத்துப்போவதற்கும் குப்பையிலேயே ஒரு பெட்டி இருக்கிறது. அகலவாய் பிளாஸ்டிக் போத்தல் ஒன்றில் அடையாள அட்டைப் பிரதி, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் சுருட்டிப் போடலாம். முதலில் சோதியுங்கள்: உள்ளே ஒரு டிசு பேப்பர் போட்டு மூடி, மேலே கல் வைத்து வாளித் தண்ணீரில் ஓர் இரவு அமுக்கி வையுங்கள். காலையில் டிசு நனைந்திருந்தால் மூடி சரியில்லை. டியூப் ரப்பரை மூடியைச் சுற்றி இழுத்துப் போட்டு மறுபடி பாருங்கள். 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமை போன பிறகு நம் பாட்டன் பாட்டிமார் ஒரு கடதாசிக்காக எத்தனை கந்தோர் ஏறி இறங்கினார்கள் என்று தெரிந்தவர்கள் இதை அலட்சியம் செய்ய மாட்டார்கள்.

வெளிச்சத்துக்குக் குப்பி விளக்குச் செய்யாதீர்கள். உயரமான மெல்லிய போத்தல் கவிழ்ந்தால் மண்ணெண்ணெய் ஓடித் தீப்பிடிக்கும். வைத்தியர் விஜய கொடகும்புர அதற்குத்தான் கட்டையான, கனமான, திருகு மூடி போட்ட விளக்கை உருவாக்கினார், தொடக்கத்தில் மார்மைட் போத்தலில். தொலைபேசி டோர்ச்சின் மேல் தண்ணீர் நிரப்பிய போத்தலை வைத்தால் அறை முழுவதும் வெளிச்சம் பரவும். நெருப்பே வேண்டாம்.

பின்சேர்க்கை: நுளம்பு பெருகாதா என்று சிலர் கேட்டிருந்தார்கள். தினமும் ஊற்றிவிடுகிறவர்களுக்கு அந்தப் பயம் இல்லை. மழையில்லாத நாட்களில் கவிழ்த்து வையுங்கள். இலை விழுந்து புனல் அடைபடுவதற்கு வெங்காயப் பையின் வலைத் துண்டு ஒன்றைப் போட்டால் போதும்.

இரவில் எப்படி வாசிப்பது என்ற கேள்விதான் பெரியது, கொட்டுகிற மழையில் தோட்டத்துக்குள் இறங்க யாருக்கும் மனம் வராது. பால்மாப் பையின் உட்புறம் பளபளவென்று வெள்ளியாக இருக்கும். அதில் ஒரு கீற்றைப் போத்தலின் பின்புறம் ஒட்டி, கியூட்டெக்ஸ் கோடுகள் வாசலைப் பார்த்திருக்கும்படி கட்டுங்கள். கதவைத் திறந்து டோர்ச் அடித்தால் தண்ணீர் மட்டம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கம்பத்தை இன்னும் கொஞ்சம் கிட்டக் கொண்டுவாருங்கள், ஆனால் மேலே சொன்ன இரு மடங்குத் தூரத்துக்கு உள்ளே வேண்டாம்.