விடுமுறை நாடகப் பட்டறை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

விடுமுறை நாடகப் பட்டறைகளைப் பெரும்பாலும் கெடுப்பது அவற்றின் கடைசி நாள்தான். பெற்றோர் முன்னிலையில் முழு நாடகம் ஒன்றைப் போட்டே ஆக வேண்டும் என்று தீர்மானித்துவிட்டால், முதல் நாளே வசனத் தாள் கைக்கு வந்துவிடும். பிறகு எல்லாம் மனப்பாடம்தான். உரக்கப் பேசும் இரண்டு பேருக்கு முக்கிய வேடம் போகும். மற்றவர்கள் மரமாகவும் கூட்டமாகவும் ஓரத்தில் நிற்பார்கள். பட்டறை யாருக்கு மிகவும் தேவையோ, அந்தக் கூச்ச சுபாவமுள்ள குழந்தை வந்தபடியே திரும்பிப் போகும்.

குழந்தைகளுக்கு விளையாட்டுதான் நாடகத்தின் வாசல். கண்ணாடி விளையாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இருவர் எதிரெதிரே நிற்க, ஒருவர் கையை அசைக்கிறார். மற்றவர் கண்ணாடி பிம்பம்போல் அதை அப்படியே செய்கிறார். முதலாமவர் வேகமாக அசைத்தால் எதிரில் இருப்பவரால் தொடர முடியாது. சில நிமிடங்களில் முதலாமவர் தானாகவே நிதானமாகிறார். தன் எதிரில் இருப்பவரைக் கவனிப்பது என்ற நடிப்பின் அடிப்படை, ஒரு வசனம்கூட இல்லாமல் பிடிபட்டுவிடுகிறது. நாடக விளையாட்டுகளை ஒரு பயிற்சி முறையாக வளர்த்த வயோலா ஸ்போலின், 1939 முதல் 1941 வரை சிகாகோவில் அரசுத் திட்டமொன்றின் நாடகப் பிரிவை நடத்தியவர். பாராட்டையோ கண்டனத்தையோ எதிர்பார்த்து நிற்பவரால் சுதந்திரமாக நடிக்க முடியாது என்று அவர் கருதினார். ஆகவே “இப்படி அழு” என்று ஆசிரியர் நடித்துக்காட்டுவதும் தவறுதான். பிள்ளைகள் ஆசிரியரைத்தான் நடிப்பார்கள். ஆறு வயதுக் குழந்தையையும் பதின்மூன்று வயதுச் சிறுவனையும் ஒரே குழுவில் போடவும் வேண்டாம்.

பதின்ம வயதினருக்கான தொழிற்பயிற்சியில் கோளாறு வேறு விதம். பயிற்சி என்று அழைத்து, நாற்காலி தூக்கவும் அரங்கைப் பெருக்கவும் வைத்துவிடுகிறார்கள். எனக்கு இது பொறுக்கவில்லை. ஒளி, ஒலி, ஆடை, அரங்க அமைப்பு, மேடை நிர்வாகம் ஆகியவை முறையாகக் கற்க வேண்டிய தொழில்கள். மேடை நிர்வாகியின் பிரதியில் ஒவ்வொரு ஒளி மாற்றத்துக்கும் ஓர் எண் இருக்கும். முதலில் “தயார்” என்று எச்சரிப்பார்; உரிய நொடியில் கட்டளைச் சொல்லைச் சொல்வார். அதைக் கேட்ட பிறகுதான் ஒளி இயக்குபவர் பொத்தானைத் தொட வேண்டும். அந்தச் சொல்லை இடையில் வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது. ஒரு காட்சிக்காவது ஒளி இயக்குபவரின் நாற்காலியில் உட்கார்ந்த பதினாறு வயதுப் பிள்ளைக்குப் பொறுப்பு என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

பாதுகாப்பில் சமரசமே கூடாது. தொங்கும் விளக்கு ஒவ்வொன்றுக்கும் தனிப் பாதுகாப்புச் சங்கிலி வேண்டும். விளக்கை மாட்டும்போது கீழே யாரும் நிற்கக் கூடாது. ஆபத்தான வேலைக்குக் குறைந்தபட்ச வயது 18 என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1973ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பொதுவிதி. உயரத்தில் ஏறும் வேலையைப் பெரியவர்களே செய்யட்டும். கட்டுப்பாட்டுப் பலகையைப் பிள்ளைகள் இயக்கட்டும்.

சான்றிதழில் “கலந்துகொண்டார்” என்று மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். எந்த நாடகத்துக்கு ஒளி இயக்கினார், எந்த உடையைத் தைத்தார் என்று எழுதுங்கள். அடுத்த குழுவில் வேலை கேட்கப் போகும்போது அவரிடம் கேட்கப்படுவது அதுதான்.