கிளிசராலைக் கொண்டு கொழுப்புச் சிதைவை அறிவது எப்படி?

சேமித்த கொழுப்பு எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்று அறிய முற்படுவோர் பெரும்பாலும் இரத்தத்திலுள்ள கொழுப்பு அமிலத்தையே அளக்கின்றனர். ஆயினும் அதைவிட நம்பத்தக்க அளவுகோல் கிளிசராலே ஆகும். கொழுப்புச் செல்லில் சேமிக்கப்படும் கொழுப்பின் வடிவமான ட்ரைகிளிசரைடின் ஒரு மூலக்கூறு முழுமையாகச் சிதையும்போது 3 கொழுப்பு அமிலங்களும் 1 கிளிசராலும் பிரிகின்றன. அந்த அமிலங்களில் ஒரு பகுதியை அச்செல்லே மீண்டும் ட்ரைகிளிசரைடாக்கிக்கொள்ளும். கிளிசராலை மறுபடி பயன்படுத்துவதற்கு வேண்டிய கிளிசரால் கைனேஸ் என்னும் நொதியோ அங்கு மிகக் குறைவு. எனவே கிளிசரால் பெரும்பாலும் இரத்தத்தில் கலந்து, கல்லீரலை அடைந்து, பட்டினி நேரத்தில் குளுக்கோஸாக மாறுகிறது.

அளக்குமுன் மாதிரி எடுத்த வேளையைக் குறித்துக்கொள்ளுங்கள். உணவுக்குப் பின் உயரும் இன்சுலின், பாஸ்போடைஎஸ்டரேஸ் 3பி என்னும் நொதியைத் தூண்டிக் கொழுப்புச் செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி என்னும் மூலக்கூறைக் குறைக்கிறது. அதனால் கொழுப்பைச் சிதைக்கும் நொதியான ஹார்மோன் உணர் லைப்பேஸின் செயல் தணிந்து, கிளிசரால் வெளியேற்றமும் குறைகிறது. தசைக்குள் குளுக்கோஸைச் சேர்க்கத் தேவைப்படுவதைவிடக் குறைந்த இன்சுலினே இதற்குப் போதும் என்பதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன், ஏனெனில் சிறிதளவு உண்டபின் எடுத்த மாதிரிகூட முடிவைத் திசைமாற்றிவிடும். ஆகவே இரவு முழுவதும் உண்ணாதிருந்து, ஓய்வான நிலையில் காலையில் எடுப்பதே நன்று. உடற்பயிற்சியும் பதற்றமும் அட்ரினலினை உயர்த்திக் கொழுப்புச் சிதைவைக் கூட்டும்.

அடுத்து, கிளிசராலை இன்சுலினோடு சேர்த்தே வாசியுங்கள். இரண்டும் உயர்ந்திருந்தால் கொழுப்புத் திசு இன்சுலினுக்கு உரியவாறு இணங்கவில்லை என்று ஐயுறலாம். உடலில் கொழுப்பின் மொத்த அளவு மிகுந்திருப்பதும் கிளிசராலை உயர்த்தும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இன்சுலின் அறவே குறைந்த முதல் வகை நீரிழிவில் கொழுப்புச் சிதைவு கட்டுப்பாடின்றிப் பெருகி, கல்லீரலில் கொழுப்பு அமிலங்களிலிருந்து உருவாகும் கீட்டோன்கள் இரத்தத்தில் குவிந்து அதை அமிலமாக்கும், உயிருக்கு ஆபத்தான கீட்டோஅசிடோசிஸ் ஏற்படலாம். எனவே உடல் எடையைக் குறைக்கும் நோக்கில் எவரும் தமக்குரிய இன்சுலின் ஊசியைக் குறைக்கவே கூடாது.

ட்ரைகிளிசரைடு சோதனை முடிவையும் இதே எச்சரிக்கையோடு அணுகுங்கள். வழக்கமான சோதனைகள் ட்ரைகிளிசரைடைச் சிதைத்து, வெளிவரும் கிளிசராலையே அளக்கின்றன. ஆதலால் இரத்தத்தில் ஏற்கெனவே இருந்த கிளிசராலும் அதில் சேர்ந்துவிடலாம். கிளிசரால் கைனேஸ் குறைபாடு உள்ளவரிடம் எண் மிக உயர்ந்து காணப்பட்டாலும், இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த நீர்ப்பகுதியான சீரம் பால்போல் கலங்காமல் தெளிவாகவே இருக்கும். அவ்வாறு கண்டால், தனித்த கிளிசராலைக் கழித்துக் கணக்கிடும் முறையில் சோதனையை மீண்டும் செய்யுமாறு ஆய்வகத்தைக் கேளுங்கள்.