ஈரமணலில் தொடங்கும் சட்டவேலி ஓட்டம்

2024 மார்ச்சில் கிளாஸ்கோவில் நடந்த உலக உள்ளக மெய்வல்லுநர் போட்டியில், பஹாமாஸின் டெவின் சார்ல்டன் 60 மீற்றர் சட்டவேலி ஓட்டத்தை (வரிசையாக நிற்கும் வேலிகளைத் தாண்டி ஓடும் ஓட்டம்) 7.65 வினாடிகளில் ஓடி உலக சாதனை படைத்தார். அந்தக் காணொளியை வேகம் குறைத்துப் பாருங்கள். ஐந்து வேலிகளையும் கடக்கும்போது அவரது தலை ஏறி இறங்குவதே தெரியாது. அவர் குதிக்கவில்லை, ஓட்டத்துக்கு நடுவே ஒரு காலடியை மட்டும் நீட்டி வைக்கிறார். பழக வேண்டியது அதைத்தான். அதற்கு உள்ளரங்கம் தேவையில்லை, மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரை போதும்.

காலை வெயில் ஏறுமுன், அலை தொட்டு விலகிய, சரிவு குறைந்த ஈரமணலைத் தேர்ந்தெடுங்கள். மாரியில் கடல் பொங்கும். அந்த மாதங்களில் மைதானத்தோடு நின்றுவிடுங்கள். கணுக்காலுக்குச் சற்று மேலாக இரண்டு மணற்குவியல்களை எழுப்பி, அவற்றின் மீது மெல்லிய கம்பொன்றை வையுங்கள். கட்ட வேண்டாம், கால் பட்டால் உருண்டு விழட்டும்.

ஓடிவந்து தாண்டியதும், திரும்பிப் போய் உங்கள் தடங்களைப் பாருங்கள். ஈரமணலைத் தேடி வந்ததே இதற்குத்தான். எழும்பிய தடம் கம்புக்குத் தூரத்திலும், இறங்கிய தடம் கிட்டவும் இருக்கவேண்டும். ஏறக்குறைய இரண்டு பங்குக்கு ஒரு பங்கு. புதியவர்களுக்கு இது பெரும்பாலும் தலைகீழாகவே அமையும். கம்பின் அடிவரை வந்து, உயர எழும்பி, அப்பால் தொப்பென்று விழுவார்கள். அந்தத் தடத்தில் குதிகால் ஆழமாகக் குழிந்திருக்கும். சரியாக இறங்கியவரின் தடத்திலோ முன்பாதம் மட்டும் பதிந்து, விரல்கள் மணலைப் பின்னே தள்ளியிருக்கும். முதல் வாரம் முழுவதும் இதையே செய்யுங்கள். என் மாணவர்களை இதில் அவசரப்படுத்த நான் ஒருபோதும் சம்மதிப்பதில்லை.

அடுத்தது கால்கள். முன்செல்லும் காலின் முழங்காலை முதலில் உயர்த்துங்கள், பாதம் தானாக நீளும். பின்வரும் காலின் முழங்கால் பக்கவாட்டில் மடிந்து அக்குளை நோக்கி வரட்டும்.

பிறகு இரண்டாவது கம்பு. நடுவே மூன்று காலடிகள்தான். சர்வதேசப் போட்டிகளில் இந்த இடைவெளி பெண்களுக்கு 8.5 மீற்றர், ஆண்களுக்கு 9.14 மீற்றர். சிறுவர்கள் ஆறு மீற்றரில் தொடங்கலாம். எட்டவில்லையென்றால் இடைவெளியைக் குறையுங்கள், காலை இழுத்து வைக்காதீர்கள். தொடக்கத்திலிருந்து முதல் வேலிவரை எட்டுக் காலடிகள்; அப்படியானால் வேலிமேல் முதலில் போகும் கால், ஓடத் தொடங்கும்போது பாதங்களை ஊன்றும் தொடக்கக் கட்டையில் பின்னால் இருக்கவேண்டும்.

இனி மைதானத்தில் உண்மையான வேலிக்குப் போகலாம். பெண்களுக்கு 83.8 சென்ரிமீற்றர், ஆண்களுக்கு 106.7. படிப்படியாகத்தான் ஏற்றவேண்டும். வேலியின் பாதங்கள் ஓடிவருபவரை நோக்கியே இருக்கவேண்டும். மாற்றி வைத்தால் கால் பட்டாலும் வேலி சாயாது, ஓடுபவர்தான் விழுவார். தற்செயலாக வேலி விழுவதால் மட்டும் எவரும் போட்டியிலிருந்து நீக்கப்படுவதில்லை.

60 மீற்றர் ஓட்டத்தில் ஆண்களுக்குக் கடைசி வேலியிலிருந்து முடிவுக்கோடு வரை 9.72 மீற்றர்தான். உள்ளரங்கில் கோட்டுக்கு அப்பால் மெத்தைத் தடுப்பு நிற்கும். நமது பள்ளிகளில் அங்கே மதிற்சுவர் நிற்கும். முடிவுக்கோட்டைக் கீறுமுன், அங்கிருந்து சுவர் வரையுள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள்.