மண்கரை போட்டுத் தண்ணீர் தேக்குபவர்கள் செய்யக் கூடாதவை

தோட்டத்து ஓடையை மறித்து மண்கரை போட்டிருப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, கலங்கல், அதாவது நிறைந்த பிறகு மிச்சத் தண்ணீர் வழிந்தோட விடும் வழி, எங்கே இருக்கிறது என்றுதான். கரை எத்தனை அடி உயரம், எத்தனை மாதம் தண்ணீர் நிற்கும் என்றெல்லாம் சொல்வார்கள். மிச்சத் தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று கேட்டால் யோசிப்பார்கள். மண்கரையின் தலைக்கு மேல் தண்ணீர் வழிய ஆரம்பித்தால் வெளிச்சரிவு அரித்துக்கொண்டே போய்க் கரையையே கொண்டுபோய்விடும்.

அதனால் பெரிய தவறு, கலங்கலை அடைப்பது. மீன் போய்விடுகிறது என்று வலை கட்டுவார்கள், இன்னும் ஒரு முழம் நிற்கட்டுமே என்று மணல் மூட்டை அடுக்குவார்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் சவுத் ஃபோர்க் அணையும் தனியார் மண் அணைதான், பணக்காரர்களின் மீன்பிடி கிளப்புக்குச் சொந்தமானது. மீன் தப்பாமலிருக்கக் கலங்கலில் கம்பித் தடுப்பு வைத்தார்கள், வண்டி போக வசதியாகக் கரையின் உச்சியைத் தணித்தார்கள், தண்ணீரை வடிக்க அடியில் இருந்த இரும்புக் குழாய்களை முந்தைய உரிமையாளர் கழற்றி விற்றிருந்தார், கிளப் அவற்றைத் திரும்பப் போடவே இல்லை. 1889 மே 31 அன்று பெருமழையில் குப்பைகூளம் தடுப்பை அடைக்க, தண்ணீர் கரைமேல் ஏறி அணை உடைந்தது. கீழே ஜான்ஸ்டவுனிலும் வழியிலிருந்த ஊர்களிலும் 2,209 பேர் இறந்தார்கள். உங்களுடையது சின்னக் குட்டைதான், சரி, ஆனால் கரைக்குக் கீழே ஒரே ஒரு குடிசை இருந்தாலும் கவலைப்பட வேண்டிய விஷயம்தான்.

கரையின் உச்சி மட்டமாக இருக்கிறதா என்பதையும் கண்ணால் பார்த்துச் சொல்லாதீர்கள். டிராக்டர் ஏறி இறங்கிய பள்ளம், ஆடுமாடு நடந்த தடம், அங்கேதான் தண்ணீர் முதலில் வழியும். கொத்தனார் மட்டம் பார்க்க வைத்திருக்கும் தண்ணீர்க் குழாயை (டியூப் லெவல்) வைத்துப் பார்த்து, பள்ளத்தை மழைக்கு முன்பே மண் போட்டுத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கிவிடுங்கள்.

அடுத்தது கசிவு. வெளிப்பக்கம் ஈரம் தெரிந்ததுமே பதற வேண்டாம், எந்த மண்கரையும் கொஞ்சம் கசியும். கசிவு நீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். தெளிவாக இருந்தால் ஒரு வாளி நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது, அன்றைக்கு நீர்மட்டம் எவ்வளவு என்று நோட்டில் குறித்து வாருங்கள். அதே நீர்மட்டத்தில் வாளி சீக்கிரம் நிறைந்தாலோ, தண்ணீர் கலங்கி வந்தாலோ, கரைக்குள்ளிருந்து மண் வெளியேறுகிறது என்று அர்த்தம். அப்போது பலரும் செய்வது, வெளியே வரும் வாயில் களிமண்ணை அப்பி அடைப்பது. தயவுசெய்து வேண்டாம். போக வழியில்லாத தண்ணீர் உள்ளே அழுத்தம் கூடி வேறு இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். கசியும் இடத்தில் மணல், அதன்மேல் சல்லி, அதற்கு மேல் கல் என்று போட்டால் தண்ணீர் வெளியேறும், மண் நிற்கும். மணலையே அடித்துக்கொண்டு போகும் வேகம் என்றால் மதகைத் திறந்துவிட்டு, கரையில் ஏறி நிற்காமல், கீழே இருப்பவர்களை உடனே வெளியேறச் சொல்லுங்கள். அவர்கள் போன் நம்பர் முன்கூட்டியே உங்களிடம் இருக்க வேண்டும்.

நிழலுக்காகக் கரையில் மரம் வளர்ப்பதும் தவறு. மரம் பட்டுப்போனால் வேர் மக்கி, அந்த இடம் குழாய் போலாகிவிடும். செடியாக இருக்கும்போதே பிடுங்கிவிட்டு அருகம்புல் வளர விடுங்கள். ஏற்கெனவே பெரிய மரம் நின்றால், தண்ணீர் நிறைந்திருக்கும்போது வேரோடு தோண்டி எடுக்காதீர்கள், விவரம் தெரிந்த பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். எலி வளை, நண்டு வளை, கரையான் புற்று கண்ணில் பட்டால் தோண்டி, ஈரமண் போட்டு இடித்து மூடுங்கள்.

அப்புறம், மோட்டாருக்காகக் கரையை வெட்டி பிவிசி குழாய் பதிப்பது. குழாயைச் சுற்றி மண் சரியாக இறுகாது, அதை ஒட்டியே தண்ணீர் வழி பிடித்துக்கொள்ளும். குழாயைக் கரையின் மேலாகக் கொண்டுபோனால் இந்தத் தொல்லையே இல்லை.

தூர்வார அவசரப்பட்டு ஒரே நாளில் குட்டையை வடிக்கவும் வேண்டாம். உட்சரிவு மண் ஊறிக் கனத்து நிற்கும், அணைத்து நின்ற தண்ணீர் சட்டென்று போனால் சரிந்து விழும். சில நாள் எடுத்துக்கொண்டு, கரையில் விரிசல் விடுகிறதா என்று பார்த்துப் பார்த்து இறக்குங்கள்.